ஐந்து வாசல் கிளிகளும் புழுதிவேந்தனும்

முன்னொரு காலத்தில், மாடுகளும் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், வேங்கைநாடு என்றொரு நாடு இருந்தது. அதில் ஐந்து ஊர்கள். ஊருக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு காவல், காவலுக்கு ஒரு கிளி. வழிப்போக்கருக்கு வழி சொல்வதுதான் காவலின் வேலை; வாசலுக்கு வாசல் சேதி கொண்டுபோவது கிளியின் வேலை.

ஆனால் அந்த நாட்டாருக்கு ஒரு வீம்பு இருந்தது. வழி கேட்டவரிடம் 'தெரியாது' என்று சொன்னால் மானம் கப்பலேறிவிடுமாம். அதனால் பக்கத்து ஊர் வாசலில் விசாரித்து, அங்கே சொன்னதைத் தாங்களே கண்டதுபோலச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரருக்கு அதை யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். இந்த வீம்பைத் தின்று கொழுத்தவன்தான் புழுதிவேந்தன் என்ற மாயாவி.

வேங்கைமேட்டு வாசலின் காவல்காரி தாழை. வாய் கொஞ்சம் நீளம், கணக்கில் கெட்டிக்காரி. அவளுடைய அக்கா அரும்பு, உச்சிமலைக்கு உப்பு வண்டி ஓட்டுகிறவள். "புன்னைத்துறைப் பாலம் வழியாப் போக்கா, அதுதான் கிட்ட" என்று அக்காவை அனுப்பி வைத்தவளும் தாழைதான்.

போன அக்கா திரும்பவில்லை. வண்டி மாடுகள் இரண்டில் செவலை மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நின்றது.

"அக்கா எங்கே?"

"சுத்திக்கிட்டு இருக்கா. புழுதிவேந்தன் பாலத்தை உடைச்சுட்டான். புன்னைத்துறைக் காவல்காரர் அதை ஒத்துக்குவாரா? இலுப்பைத்தோப்புல வழி இருக்காம், அங்கே போங்கன்னாரு. இலுப்பைத்தோப்புக்காரர், புன்னைத்துறைல வழி இருக்காம், அங்கே போங்கன்னாரு. போறோம், வர்றோம், போறோம், வர்றோம்."

"அப்புறம்?"

"முதல் சுத்துல அக்கா முழங்கால் கல்லாச்சு. ரெண்டாம் சுத்துல இடுப்பு கல்லாச்சு. மூணாம் சுத்து முடிஞ்சா முழுசா மைல்கல்லு. அதைப் பிடுங்கிட்டுப் போய்த்தான் அவன் தன் கோட்டைக்குச் சுவர் கட்டுறான்."

"நீ மட்டும் எப்படித் தப்பிச்சே?"

"நான்தான் யார் பேச்சையும் கேட்கிறதில்லையே" என்றது செவலை.

அப்போது வாசலில் ஒரு சுழல்காற்று எழுந்து மீசை முளைத்து நின்றது. "ஐந்து வாசலும் ஒரே வழியைச் சொல்லும் நாளில்தான் என் மந்திரம் உடையும். உங்கள் ஊர்க்காரர்கள் என்றைக்கு ஒத்துப் போயிருக்கிறார்கள்?" என்று சிரித்துவிட்டுப் போனான் மாயாவி.

 தாழை பதறி உட்கார்ந்துவிடுகிறவள் அல்ல. கிளியைத் தோளில் ஏற்றினாள்.

"இனிமே கேட்டதைச் சொல்ல வேண்டாம், கண்டதைச் சொல்லு. நம்ம வாசல்ல கிளம்புற சாலை எது, எந்த ஊருக்கு, எத்தனை நாழிகை, அவ்வளவுதான். எல்லா வாசல்லயும் அப்படியே சொல்லச் சொல்லு. ஒருத்தர் சேதியை அடுத்தவர் அவர் பேரோடயே கடத்தணும். ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது. புதுச் சேதி கிளம்பும்போதெல்லாம் கிளி கால்ல கட்டுற நூல்ல ஒரு முடிச்சு கூடுதலாப் போடணும்."

கிளிகள் வாசலுக்கு வாசல் பறந்தன. நான்கு ஊர்ச் சேதி சேர்ந்தது. புன்னைத்துறை மட்டும் வாய் திறக்கவில்லை. தாழை மறுபடி சொல்லியனுப்பினாள்: "பாலம் போனது உங்க குத்தமில்ல, மாமா. மறைச்சீங்கன்னா எங்கக்கா கல்லாயிடுவா."

நெடுநேரம் கழித்துப் புன்னைத்துறைக் கிளி வந்தது. "பாலம் இல்லை" என்று மெல்லச் சொன்னது. அந்த இரண்டு சொல்லுக்கு அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று தாழைக்குத் தெரியும்.

மாயாவி சும்மா இருப்பானா? மூன்று மாயக்கிளிகளை அனுப்பினான். முதல் கிளி, "இலுப்பைத்தோப்பில் கேள்விப்பட்டேன்" என்று தொடங்கியது. "கேட்டது வேண்டாம், போ" என்றாள் தாழை. இரண்டாவது கிளி, "புன்னைத்துறைச் சேதி, பாலம் இருக்கிறது" என்றது. அதன் நூலில் முடிச்சு குறைவு. "இது பழைய சேதி, போ" என்றாள். மூன்றாவது கிளி, "உச்சிமலையிலிருந்து வேங்கைமேட்டுக்கு நேர்சாலை, அரை நாழிகை" என்றது.

"சாலைக்கு ரெண்டு முனை உண்டு. இந்த முனையில நான் நிக்கிறேன், என் வாசல்ல அப்படி ஒரு சாலையே இல்லை, போ" என்றாள். மூன்றும் புழுதியாய் உதிர்ந்தன.

பிறகு மணலில் ஊருக்கு ஒரு கூழாங்கல் வைத்துக் கோடு இழுத்தாள். வேங்கைமேட்டிலிருந்து இலுப்பைத்தோப்பு மூன்று நாழிகை, புன்னைத்துறை நான்கு, கரடிப்பாறை ஒன்பது. எல்லாவற்றிலும் கிட்ட இருப்பது இலுப்பைத்தோப்பு. அதை உறுதி செய்து, அந்தக் கூழாங்கல்லில் விரலை வைத்து அடுத்து எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து கரடிப்பாறைக்கு மூன்றே நாழிகை. அப்படியானால் ஒன்பது எதற்கு? அழித்து ஆறு என்று போட்டாள். அடுத்துக் கிட்ட இருப்பது புன்னைத்துறை. அங்கிருந்து எந்த வழியும் குறையவில்லை. அதற்கடுத்து கரடிப்பாறை. அங்கிருந்து உச்சிமலைக்கு இரண்டு. ஆக எட்டு நாழிகை. பாலம் இருந்தவரை கரடிப்பாறை வழியை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"நீ சரியாப் போட்டுட்டே. மத்த நாலு பேரு?" என்றது செவலை.

"இப்படித்தான் போடணும்னு கிளிகிட்ட சொல்லியனுப்பிட்டேன். சேதி ஒண்ணுதான், கணக்கும் ஒண்ணுதான். அவங்கவங்க வாசல்ல இருந்து போட்டாலும் வழி ஒண்ணோட ஒண்ணு முட்டாது. ஏறட்டுமா உன் முதுகுல?"

இலுப்பைத்தோப்பு வாசலில் அவள் இறங்கியபோது, மிச்சமிருந்த ஒற்றை மாடு வண்டியை இழுத்து வந்து நின்றது. வண்டியில் அரும்பு கழுத்து வரை கல். உதடு மட்டும் அசைந்தது.

"அண்ணே, உச்சிமலைக்கு எது வழி?"

 இதைத் தாழை சொல்லக்கூடாது. வாசல்தான் சொல்ல வேண்டும். காவல்காரர் புன்னைத்துறைப் பக்கம் பார்த்தார். பிறகு தன் காலடியில் தானும் கணக்குப் போட்டு வைத்திருந்த கூழாங்கற்களைப் பார்த்தார்.

"கரடிப்பாறை வழியாப் போம்மா. அஞ்சு நாழிகை."

அதே நேரத்தில் புன்னைத்துறைக் காவல்காரர், "இலுப்பைத்தோப்புக்குப் போய், அங்கிருந்து கரடிப்பாறை" என்று யாருக்கோ சொன்னார். தாழை தன் வாசலில் காவலுக்கு விட்டு வந்த கிளி உட்பட மற்ற வாசல்களும் கரடிப்பாறை வழியையே சொன்னன. மடமடவென்று கல் வெடித்தது. மாயாவியின் கோட்டைச் சுவரும் வெடித்தது; ஒவ்வொரு கல்லும் ஓர் ஆளாய் எழுந்து சோம்பல் முறித்து வீட்டுக்கு நடந்தது. புழுதிவேந்தன் வெறும் புழுதியாகி வாசல்களில் படிந்தான். காலையில் பெண்கள் தண்ணீர் தெளித்துப் பெருக்கித் தள்ளினார்கள்.

வண்டியிலிருந்து இறங்கிய அரும்பு தங்கையின் காதைத் திருகினாள். "வழி சொன்ன லட்சணமாடி இது?" என்றவள் அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தாழையும் அழுதாள். செவலை தானாகப் போய் நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்தது.

உப்பு உச்சிமலை சேர்ந்தது. சப்பென்று கஞ்சி குடித்துக் கிடந்த ஊர், அன்று அக்காள் தங்கை இருவரையும் நடுவில் உட்காரவைத்து, அவர்களுக்குப் பரிமாறிய பிறகுதான் தானும் ருசித்துச் சாப்பிட்டது. அவர்கள் சாப்பிட்டார்கள், நாம் கதை கேட்டோம், அவரவர் வீட்டுக்கு வழியும் தெரிந்தது.