யானைக்குத் துதிக்கை வைத்தவர்

சென்னியப்பன் நூற்பாலையில் அன்று ஊழியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை. ஒரு மேசையில் களிமண், ஒன்றில் ஓவியம், இன்னொன்றில் பொம்மலாட்டம். நடத்தியவள் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பூங்கோதை. அவள் மணியடித்தால் குழுக்கள் அடுத்த மேசைக்கு நகரும். செய்த பொருள் அங்கேயே இருக்கும். வருகிறவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். முதலாளி சென்னியப்பனும் ஒரு சுற்று வந்தார். போனில் பேசிக்கொண்டே கொஞ்சம் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில், முடிந்திருந்த களிமண் யானையைப் பார்த்ததும் பூங்கோதையிடம் கத்தினார்.

“துதிக்கையா இது? பாவக்காயாட்ட இருக்குது! எவன் வெச்சான்? நான் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பேரைச் சொல்லு. இன்னைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பறேன். சொல்லலைன்னா நீ கிளம்பு!”

எல்லார் கையும் பட்ட யானை. யாரென்று சொல்வது? பூங்கோதை துதிக்கையை உற்றுப் பார்த்தாள். ஒன்பது கல் மோதிரத்தின் தடம் அதில் அழகாகப் பதிந்திருந்தது.

“சொல்லிடறேனுங்க ஐயா. ஆனா அவரை அனுப்பிட்டா, வாசல்ல இருக்கற பேர்ப்பலகையை மாத்தணுமுங்களே?”

சென்னியப்பன் தன் விரலைப் பார்த்தார். நவரத்தின மோதிரத்தின் இடுக்கெல்லாம் களிமண். கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“பார்க்கப் பார்க்க நல்லாத்தான் இருக்குது,” என்றார். “என் ரூமுல கொண்டுபோய் வையுங்க.”