மார்பில் துடிப்பது என்ன?

ரிஃப் மலைக் கலகக்காரர்களைப் பிடிக்க வந்த தளபதி, சந்தை வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினான். பெர்பர் மொழியில் இதயத்தைச் சமவெளிக்காரர்கள் 'உல்' என்பார்கள். மலைக்காரர்கள் நாக்கில் அந்த 'ல்' திரிந்து 'உர்' என்றுதான் வரும். அதை வைத்தே தளபதி ஆள் பிரித்தான்.

"மார்பில் துடிப்பது என்ன?"

'உர்' என்று சொன்ன ஒன்பது பேர் சுவரோரம் பிணமாகக் கிடந்தார்கள். ஒன்பதாவது ஆள் மிமூந்தின் கணவன். சமவெளிச் சந்தைகளில் கரி விற்றுப் பிழைப்பவள் அவள். எத்தனை வருஷம் விற்றும் 'ல்' மட்டும் வாயில் நுழையவில்லை. இப்போது அவள் முறை.

"உர்" என்றாள்.

துப்பாக்கிகள் நிமிர்ந்தன.

"கேட்டதற்குப் பதில் சொன்னேன் ஐயா. சமவெளிப் பேச்சில் 'உர்' என்றால் என்னவென்று உங்கள் ஆளையே கேளுங்கள்."

சமவெளிக்காரனான மொழிபெயர்ப்பாளன் மோஹா தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "'இல்லை' என்று அர்த்தம், ஐயா. மார்பில் துடிப்பது எதுவும் இல்லை என்கிறாள்."

தளபதி வாய் திறப்பதற்குள் சமவெளிச் சிப்பாய்களே துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்கள். மிமூந்துக்குப் பின்னால் நின்ற கிழவர் சுவரைக் காட்டி "உர்" என்றார். அவருக்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். மீதி நாற்பது பேரும் அதையே சொன்னார்கள்.

மிமூந்த் கயிற்றால் கணவனை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினாள்.