மேல் ஸட்ஜமம்

செண்பகவல்லி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதற்குப் பிறகுதான் பாட்டுக் கற்க வந்தாள். குரு பூரணி அவளைவிட இருபது வயது இளையவள்.

போன வருஷம் செண்பகவல்லிக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து, ஏழு ஸ்வரமும் ஏறிப் போய்ச் சேருகிற மேல் ஸட்ஜமம் அவளுக்கு வரவில்லை. அந்த இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது.

ஒரு நாள் தட்டில் வெற்றிலை, பழத்தோடு வந்து நின்றாள்.

"என்னக்கா இது?"

"போதும் டீச்சர். நின்னுக்கிறேன். உச்சியே இல்லாம என்ன பாட்டு?"

பூரணி தட்டை வாங்கவில்லை.

"சனிக்கிழமை மியூசியத்துல எனக்குக் கச்சேரி. பக்கவாத்தியம் வேண்டாம்னுட்டேன். நீங்க தம்புரா போடணும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் தட்டைக் கொண்டு வாங்க."

செப்புச் சிலைகள் இருக்கும் கூடத்தில் கச்சேரி. மேடை இல்லை, மைக் இல்லை. ஜமக்காளத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மாலை வெயில் உயரத்துக் கண்ணாடி வழியே இறங்கி, ஓர் அம்மன் சிலையின் தோளில் மஞ்சளாகக் கிடந்தது. தம்புராவை மீட்ட மீட்டச் சுவர்கள் மெல்ல விலகிப் போவது போல் இருந்தது. சிலைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மூச்சு விடுவதாகத் தோன்றியது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே செண்பகவல்லிக்கு மறந்து போயிற்று.

பூரணி கல்யாணி ராகத்தை எடுத்தாள். படிப்படியாக ஏறினாள். ஏழாவது ஸ்வரமான நிஷாதத்துக்கு வந்து நின்றாள். நெடுநேரம் நின்றாள். இன்னும் ஒரே படி.

ஒருவரும் அசையவில்லை.

பூரணி வாயை மூடிக்கொண்டாள். தம்புரா மட்டும் ஒலித்தது.

செண்பகவல்லிக்குக் கண்ணீர் பெருகிக் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் பூரணி மறுபடி குரலெடுத்து, மெதுவாகக் கீழே இறங்கி வந்தாள்.

கூட்டம் கலைந்தது. ஜமக்காளத்தைச் சுருட்ட வந்த காவலாளி மாசிலாமணி தயங்கி நின்றார்.

"அம்மா, கடைசியில உச்சிக்குப் போய் ஒரு இழுப்பு இழுத்தீங்களே... பதினெட்டு வருஷமா இந்தக் கூடத்துல நிக்கிறேன். எத்தனையோ கச்சேரி நடந்திருக்கு. இப்படி ஒண்ணு என் காதுல விழுந்ததே இல்ல."

பூரணி கும்பிட்டாள். அவர் ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

செண்பகவல்லி பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"டீச்சர், அந்த இடத்துல நீங்க பாடவே இல்லையே?"

"இல்ல."

"உங்களுக்கு வராத ஸட்ஜமமா அது? ஏன் விட்டுட்டீங்க?"

பூரணி தம்புராவை அவள் மடியிலிருந்து வாங்கி, உறையைப் போர்த்தினாள்.

"நான் விட்டுட்டேன், சரி. நீங்க எதைக் கேட்டு அழுதீங்க, அக்கா?"