சுகம் சொல்லாத அழுங்கு

விலங்குகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காட்டிலேயே அதிகம் பேசுகிறவள் அழுங்குதான். உடம்பெல்லாம் செதில், நீண்ட நாக்கு, தின்பது எறும்பும் கறையானும். புற்றைத் தோண்டும்போதும் பேசுவாள், தின்னும்போதும் பேசுவாள். வழியில் யார் வந்தாலும் முகத்தை நிமிர்த்தி நலம் விசாரிக்காமல் விடமாட்டாள். வாலின்மேல் குட்டியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு மரத்தின் பெயரையும் அதற்குச் சொல்லிக்கொடுத்தபடியே நடப்பாள்.

அப்படிப் பேசிக்கொண்டே போனதால்தான், வலையோடு வந்தவர்களின் காலடி அவள் காதில் விழவில்லை.

தாயையும் குட்டியையும் பனங்குன்றத்துத் தலைவன் நெடுங்கொற்றனிடம் கொண்டுபோனார்கள். நெடுங்கொற்றன் கெட்டவன் அல்லன். விலங்குகள் என்றால் அவனுக்கு உயிர். அதனால்தான் அவற்றைப் பிடித்துப் பிடித்துக் கூண்டில் வைத்திருந்தான். அழுங்குக்கும் ஒரு கூண்டு கொடுத்தான். தோண்டித் தப்பாதபடி பாறைமேல் கட்டிய கூண்டு.

சந்தை நாளில் ஊரே அங்கே திரண்டு வரும். ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று, "சுகமா?" என்று கேட்பார்கள். விலங்கு, "சுகம்" என்று பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் காவல்காரன் பூச்சியப்பன் தீனித் தொட்டியை உள்ளே தள்ளுவான். கேட்டவர்களும் மனநிறைவோடு வீட்டுக்குப் போவார்கள்.

"சுகமா?" என்று அழுங்கிடமும் கேட்டார்கள்.

"இல்லை" என்றாள் அவள். "பாறையில் நகம் தேய்கிறது. பகலில் தூங்குகிறவளைக் கம்பால் தட்டி எழுப்புகிறீர்கள். நெய்ச்சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இன்னும் சொல்லட்டுமா?"

கூட்டம் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தது. அன்று தொட்டி உள்ளே வரவில்லை.

பக்கத்துக் கூண்டுக் கரடி, எட்டு அடி போவதும் எட்டு அடி வருவதுமாக நடந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு சொல்தானே தங்கச்சி, சொல்லித் தொலையேன்" என்றது. "ஏழு வருஷமாக நான் சொல்கிறேன். என் வாய் வெந்தா போயிற்று?"

"வாய் வேகவில்லை அண்ணே. இப்போது எங்கே நடந்து போகிறீர்கள்?"

கரடி திரும்பி எட்டு அடி நடந்தது.

செய்தி கேட்டு நெடுங்கொற்றனே வந்தான்.

"உனக்கு என்ன குறை வைத்தேன்? காட்டில் சிறுத்தை இருக்கிறது. மழை பொய்த்தால் பட்டினி கிடப்பாய். இங்கே அந்தப் பயம் உண்டா?"

"சிறுத்தை துரத்தினால் ஓடுவேன், ஐயா. தப்பித்துவிட்டால் மிச்சப் பொழுது முழுக்க என்னுடையது. இங்கே எந்தப் பொழுது என்னுடையது?"

"எங்கள் பிள்ளைகள் உன்னைப் பார்த்து எவ்வளவோ தெரிந்துகொள்கிறார்கள்."

"புற்றைத் தோண்டாத, மரம் ஏறாத அழுங்கைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்கள்?"

"இவளுக்கு நாக்கு ரொம்ப நீளம்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். போகும்போது பூச்சியப்பனிடம், "அடுத்த சந்தைக்கு மேலைக்குன்றத்துத் தலைவர் வருகிறார். தாய் சொல்லாவிட்டால் குட்டி சொல்லட்டும்" என்றான்.

பூச்சியப்பன் அன்றிலிருந்து புற்றுமண் கட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். தாய் கண் அசரும் வேளையில் குட்டியைக் கம்பியோரம் கூப்பிடுவான். "சொல்லு ராசா, சுகம்." சொன்னால் ஒரு கட்டி. கட்டிக்குள் கறையான் நெளியும். குட்டிக்குப் பசி. சொன்னது, தின்றது.

சந்தைக்கு முந்தின நாள் நண்பகல், அழுங்கு ஏதோ முனகல் கேட்டு விழித்துக்கொண்டாள். குட்டி தூக்கத்தில், "சுகம்... சுகம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் அதை உலுக்கி எழுப்பினாள். "பசிக்கிறதா கண்ணே?"

"சுகம்."

"கால் வலிக்கிறதா?"

"சுகம்."

"நாம் ஏறி விளையாடுவோமே, அந்த மரத்தின் பெயர் என்ன?"

குட்டி யோசித்தது. பிறகு, சரியான பதில் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியோடு, "சுகம்!" என்றது.

அதற்குப் பிறகு அழுங்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் மேலைக்குன்றத்துத் தலைவர் பரிவாரத்தோடு கூண்டின் முன் வந்து நின்றார். பூச்சியப்பன் மடியிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்துக் காட்டினான். "ராசா, சுகமா?"

குட்டி வாயைத் திறந்தது.

அந்த நொடியில் அழுங்கு பாய்ந்தாள். குட்டியை வயிற்றோடு அணைத்தாள். தன் முகத்தையும் அதன்மேல் புதைத்தாள். முதுகை வளைத்து, வாலைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். கண் இல்லை, வாய் இல்லை. பாறைமேல் செதில் உருண்டை ஒன்றுதான் கிடந்தது.

பூச்சியப்பன் கம்பால் குத்தினான். தண்ணீரை ஊற்றினான். காதருகே பறை அடித்தார்கள். நான்கு பேர் சேர்ந்து வாலைப் பிடித்து இழுத்தார்கள். செதில் விளிம்பு பட்டு விரல்கள் கிழிந்தனவே தவிர, உருண்டை பிரியவில்லை.

மேலைக்குன்றத்தார் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன கொற்றரே, பலாப்பழத்தையா பூட்டி வைத்திருக்கிறீர்? பழுத்ததும் சொல்லியனுப்பும், வருகிறோம்!"

நெடுங்கொற்றனின் முகம் கறுத்தது. "அவள் எத்தனை நாள் தாங்குகிறாள், பார்ப்போம்."

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. அழுங்கின் முதுகு இற்றுவிடும் போல் வலித்தது. மார்பில் பால் வற்றிக்கொண்டே வந்தது. பிடியைத் தளர்த்தினால் தொட்டி நிறையத் தீனி கிடைக்கும். அவள் தளர்த்தவில்லை.

மூன்றாம் நாள், இருட்டான அந்த வயிற்று மடிப்புக்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மா, பசிக்கிறது."

எத்தனையோ நாளுக்குப் பிறகு குட்டி சொன்ன உண்மை அது. அழுங்கு அதன் நெற்றியை நக்கிக்கொடுத்தாள். பிடியை இன்னும் இறுக்கினாள்.

அன்று சாயங்காலம் நெடுங்கொற்றன் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். எந்தப் பக்கம் நின்றாலும் முதுகுதான் தெரிந்தது. "பார்க்க முடியாததற்குக் கூண்டு எதற்கு? கொண்டுபோய்ப் போடு" என்று கத்திவிட்டுப் போனான்.

பூச்சியப்பன் உருண்டையைக் கூடையில் வைத்துச் சுமந்துபோய்க் காட்டோரம் இறக்கினான். "காடு வந்துவிட்டது தாயே, முகத்தைக் காட்டேன்" என்றான். பதில் இல்லை. "என்மேல் கோபமா?" அதற்கும் பதில் இல்லை. அவன் காலடி ஓசை முழுக்கத் தேய்ந்த பிறகுதான் அழுங்கு மெல்லப் பிரிந்தாள். குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு புற்றைத் தேடி நடந்தாள்.

அடுத்த சந்தை நாளில் ஊரார் கரடியின் கூண்டுக்கு முன் வந்து, "சுகமா?" என்று கேட்டார்கள். கரடி நடப்பதை நிறுத்தியது. அவர்களை ஒரு முறை பார்த்தது. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்து மானும் வாயை மூடிக்கொண்டது. கடைசிக் கூண்டுவரை ஒருவரும் பேசவில்லை.

அன்று முதல்தான், மனித வாடை பட்டதும் அழுங்கு முகத்தை வயிற்றில் புதைத்துச் சுருண்டுகொள்கிறது. கூண்டில் இருக்கும் எந்த விலங்கும், நாம் எத்தனை முறை கேட்டாலும், சுகம் என்று சொல்வதில்லை.