வந்தபோது எவ்வளவு?

காலை 7 மணி 3 நிமிடம் 10 வினாடி. மூன்றாவது தாமதம். பெயர் மயிலாத்தாள், ஸ்பின்னிங் பிரிவு.

2019 டிசம்பர் 11 அன்று, சிங்காநல்லூர் பக்கம் ஒரு பஞ்சாலையின் வாசலில் இருந்த கைரேகை மிஷின் இவ்வளவையும் பதிவு செய்தது. ஷிஃப்ட் ஏழு மணிக்கு. ஒரே மாதத்தில் மூன்று லேட் மார்க் விழுந்தால் தற்காலிகத் தொழிலாளிக்கு வேலை இல்லை என்பது அந்த ஆலையின் விதி. விசாரணை 23-ஆம் தேதி என்று, வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் தாள் கொடுத்தார்கள்.

சாயங்காலம் மயிலாத்தாள் ஆலை எலக்ட்ரீஷியன் குழந்தைவேலுவைத் தேடி வந்தார்.

"ஏனுங்ணா, முதல் ரெண்டு நாளும் லேட்டுதானுங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல். அதை நான் இல்லைன்னு சொல்லலை. இன்னிக்கு லேட் இல்லீங்க. நான் விரல் வெச்சு உள்ள வந்தப்புறந்தான் ஏழு மணி பஸ்ஸே போச்சு."

"பஸ்ஸைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே ஆத்தா."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். மிஷின் முன்னால ஓடுதுங்ணா. நீங்க பார்த்துச் சொன்னா நம்புவாங்க."

அன்று காலை பத்து இருபதுக்குத்தான் வயர் லூஸ் என்று அந்த மிஷினுக்குக் குழந்தைவேலுவைக் கூப்பிட்டிருந்தார்கள். வயரை முறுக்கினார். திரையைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிஷின் முன்னால்தான் ஓடியது. யாரிடமும் கேட்கவில்லை. சரியாக வைத்துவிட்டு வந்துவிட்டார். தப்பாக ஓடும் கடிகாரத்தைக் கண்டால் அவர் கை நிற்காது.

"நான் பார்த்தேன். திருத்தியும் வெச்சுட்டேன்."

"எவ்வளவு முன்னாலங்ணா?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

"இருக்குமா?"

அவர் அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. டைம் ஆபீஸில் மத்தியானமே மிஷினை செல்போனோடு ஒப்பிட்டுப் பார்த்து, வினாடி பிசகவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

குழந்தைவேலு நேராக ரெஜினா டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறவர். வயது நாற்பத்தொன்று. குழந்தைவேலுவுக்கு ஐம்பத்து மூன்று. "குழந்தை டியூஷனுக்குக் கிளம்பிருச்சு" என்று ஆலையில் கேலி செய்வார்கள். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் போகிறார்.

மாடி அறையில் டீச்சர் வைத்திருந்தவை இரண்டு. ஒன்று, ஒரு செம்புக் கம்பிச் சுருள். ரேடியோ அலையைக் கேட்டுத் தானே திருத்திக்கொள்ளும் ஜப்பான் கைக்கடிகாரங்கள் உண்டு. அந்த நாட்டு அலை இங்கே எட்டாது. டீச்சர் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கி, ஜப்பான் அலையின் தாளத்திலேயே சுருளுக்குக் கொடுத்திருந்தார். ஒரு முழத்துக்குத்தான் கேட்கும். பக்கத்தில் வைத்த கடிகாரம் ஜப்பானில் இருப்பதாக நம்பி, இந்திய நேரத்துக்கு முள்ளைச் சரி செய்துகொள்ளும். குழந்தைவேலுவின் கைக்கடிகாரம் அப்படித்தான் ஓடியது.

இன்னொன்று, சூடான பெட்டிக்குள் துடித்து நேரத்தை எண்ணும் ஒரு படிகம். எட்டு வருடமாக அதை அணைத்ததில்லை, அதன் திருகைத் தொட்டதில்லை. அது தினமும் கொஞ்சம் தப்பும். எவ்வளவு தப்பும் என்று மூடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

நடந்ததைக் கேட்டுவிட்டு டீச்சர், "உங்க நோட்டை எடுங்க" என்றார்.

அது டீச்சர் கொடுத்த நோட்டு. பக்கத்துக்கு இரண்டு பத்தி. 'வந்தபோது' என்று ஒன்று, 'விட்டபோது' என்று ஒன்று. கைக்கு வரும் கடிகாரம் எவ்வளவு தப்பாக வந்தது, திருத்தியபின் எவ்வளவு என்று எழுத வேண்டும். "திருத்தப்போற தப்பை எதுக்குங்க டீச்சர் எழுதோணும்?" என்று முதல் ஞாயிறே குழந்தைவேலு கேட்டிருந்தார். டீச்சர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

இப்போது நோட்டை விரித்து வாசித்தார்.

"கோயில் கடிகாரம். விட்டபோது சுழி. மச்சான் வீட்டுக் கடிகாரம், சுழி. பேக்கரி, சுழி. வாத்தியார் வாட்ச், சுழி. முப்பத்தொரு கடிகாரம், அத்தனையும் சுழி. வந்தபோதுன்னு ஒரு பக்கத்துலயும் எழுதலை." நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "இதுல எது நல்ல கடிகாரம்னு சொல்லுங்க."

குழந்தைவேலு பக்கங்களைப் புரட்டினார். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"அந்த மிஷினைக் கடைசியா எப்ப சரியா வெச்சீங்க?"

"ஆயுத பூஜை அன்னிக்குங்க. கரண்ட்டை நிறுத்தித் துடைச்சோம். டைம் ஆபீஸ்லயே வெக்கச் சொன்னாங்க. ரிஜிஸ்டர்ல இருக்கு."

"அக்டோபர் ஏழு. இன்னியோட அறுபத்தஞ்சு நாள். சரி, விசாரணை வரைக்கும் அதைத் தொடாதீங்க. தினமும் பார்த்து எழுதுங்க."

"தப்பா ஓடறதைப் பார்த்துட்டுச் சும்மா நிக்கோணுங்களா?"

"எழுதிட்டு நில்லுங்க."

12-ஆம் தேதி நான்கு வினாடி முன்னால். 13-இல் எட்டு. 14-இல் பதினொன்று. 15-இல் பதினாறு. கை பரபரத்தது. பாண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். 19-ஆம் தேதி முப்பத்திரண்டு ஆனபோது, அந்த முப்பத்திரண்டு வினாடியில் யாராவது மாட்டிக்கொள்வார்களோ என்று பயம் வந்தது. மறுநாள் முதல் ஆறு ஐம்பதுக்கே வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே விரட்டினார்.

"என்னங்ணா, வாட்ச்மேன் வேலையும் சேர்த்துப் பார்க்கறீங்களா?"

"பேசாம விரலை வெய்யி கண்ணு."

22-ஆம் தேதி ஞாயிறு. தாளோடு போனார். பதினொரு நாளில் நாற்பத்து நான்கு வினாடி, நாளைக்கு நான்கு. அறுபத்தைந்து நாளுக்கு இருநூற்று அறுபது, அதாவது நான்கு நிமிடம் இருபது வினாடி. 7.03.10-இல் அதைக் கழித்தால் 6.58.50.

"கணக்கு சரிங்களா டீச்சர்?"

"பெருக்கல் சரி. பன்னெண்டாந் தேதியிலிருந்துதான் ஆரம்பிச்சிருக்கீங்க. அன்னிக்கு நாலு வினாடிதானே தப்பு, அப்ப முந்தின நாளும் மிஷின் சரியாத்தான் இருந்திருக்கும்னு சொல்லுவாங்க."

"பதினொண்ணாந் தேதி நான்தானே திருத்துனேன்."

"அது இந்தத் தாள்ல இல்லை."

குழந்தைவேலு குரலைத் தாழ்த்தினார்.

"டைம் ஆபீஸ் மிஷின்ல அனுமதி இல்லாம கை வெச்சா வேலையே போகுங்க. எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு. யாரோ திருத்தியிருக்காங்கன்னு எழுதினாப் போதாதுங்களா?"

டீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். முதல் வரிக்கும் மேலே ஒரு கோடு போட்டார். கோட்டின் இடது முனையில் '11' என்று எழுதினார். பேனாவை அவரிடம் நீட்டினார்.

"வந்தபோது எவ்வளவு?" என்றார்.

குழந்தைவேலு பேனாவை வாங்கிக்கொண்டார். கோட்டின் மேல் எழுத ஆரம்பித்தார்.

2019 டிசம்பர் 24 மாலை ஆலை அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டன. ஒன்று, மயிலாத்தாளின் மூன்றாவது லேட் மார்க் ரத்து. மற்றொன்று, எலக்ட்ரீஷியன் குழந்தைவேலு பதினைந்து நாள் சஸ்பெண்ட்.