சட்டைக் கையில் உட்கார்ந்தது

"டீச்சர், இந்த மூணும் ஒண்ணுதான்னு என்னால நம்ப முடியலை" என்றார் வேதமுத்து.

மூன்று சின்னப் பாட்டில்களைப் பாறைமேல் வைத்தார். மூன்றிலும் ஸ்பிரிட். முதல் பாட்டிலில் ஓடைக் கல்லுக்கடியில் பிடித்த ஒன்று. சிறகு கிடையாது, விலாவில் செவுள்கள். இரண்டாவதற்குச் சாம்பல் நிறத்தில் மங்கிய சிறகு. மூன்றாவதன் சிறகு கண்ணாடி.

மூன்றும் ஒரே ஒருநாள் பூச்சியின் பருவங்கள் என்று உலகம்மாள் சொல்லியிருந்தார்.

வேதமுத்து பிணப் பரிசோதனை செய்து ஓய்வுபெற்ற டாக்டர். ஓடைப் பூச்சிகளைப் படிக்க ஆசைப்பட்டு, தன் மகள் வயதுள்ள உலகம்மாளைத் தேடி மலைக்கு வந்திருந்தார். கண்ணால் கண்டதை மட்டுமே எழுதிப் பழகிய மனிதர். மூன்றுக்கும் ஒரே பெயரை எழுதி ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை.

உலகம்மாள் ஓடையில் இறங்கிக் கற்களைப் புரட்டினார். முதுகில் சிறகு முளைக்கும் இடம் கறுத்துத் தடித்திருந்த ஒன்றாகப் பார்த்து எடுத்தார். அதை ஒரு வலைப்பெட்டியில் விட்டு, பெட்டி பாதி தண்ணீரில் நிற்கும்படி கட்டினார்.

"இதைப் பாருங்க."

வேதமுத்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் அது மேலே வந்தது. நீர்மட்டத்தில் அதன் முதுகு வெடித்தது. சாம்பல் சிறகோடு ஒன்று எழுந்து நின்றது. பழைய தோலைத் தண்ணீர் கொண்டுபோயிற்று.

வேதமுத்து பெட்டியைத் திறந்தார். அது அவருடைய சட்டைக் கையில் ஏறி உட்கார்ந்தது.

ஸ்பிரிட் பாட்டிலை எடுக்கப் போனார். உலகம்மாள் அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

வேதமுத்து கையை அசைக்காமல் இருந்தார். மதியம் சோறு வேண்டாம் என்றுவிட்டார். உலகம்மாள்தான் அவர் வாயில் தண்ணீர் ஊற்றினார்.

பூச்சி அசையவே இல்லை. வெயில் இறங்கும் நேரத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"செத்துப்போச்சு" என்றார். ஆயுள் முழுக்கச் சொன்ன வார்த்தை. ஒரு தடவைகூட அதில் அவர் தவறியதில்லை.

"இன்னும் கொஞ்சம் பாருங்க டாக்டர்."

முதுகு மறுபடியும் வெடித்தது.

கால்களிலிருந்து தோல் கழன்றது. வால்களிலிருந்து கழன்றது. ஊதினால் கிழிந்துவிடும் போலிருந்த அந்தச் சிறகுகளிலிருந்தும் ஒரு தோல் உருவிக்கொண்டு வந்தது. கண்ணாடிச் சிறகோடு ஒன்று வெளியே நின்றது. லென்ஸில் அதற்கு வாயைத் தேடினார். இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இனி அது தின்னப்போவதில்லை.

வேதமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் கை மட்டும் சிலிர்க்காமல் இருக்கவேண்டுமே என்று பயந்தார்.

அது பறந்துபோயிற்று.

ஓடைக்கு மேலே, சாய்ந்த வெயிலில், அதைப்போல ஆயிரக்கணக்கானவை ஏறி இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. தன் கையிலிருந்து போனது எது என்று அவருக்குத் தெரியவில்லை.

சட்டைக் கையில், கால் வால் சிறகு எல்லாம் குறையாமல், ஒரு வெறுந்தோல் நின்றுகொண்டிருந்தது.

உலகம்மாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிடிச்சு வைக்கலையா டாக்டர்?"

"எதை டீச்சர்?" என்றார் வேதமுத்து.