ரோஜாவுக்குப் போட்ட வைக்கோல்

ஊட்டியில் அது மார்கழி மாதம். உறைபனிக்குள் புல்வெளியெல்லாம் வெள்ளையாய்க் கனவு கண்டுகொண்டிருந்தது. பங்களாக்காரர் ஞானதுரையின் கக்கூஸ் குழாயும் உறைந்து, கழிவெல்லாம் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது.

"இன்னொரு தடவை உறைஞ்சா உனக்கு இங்கே வேலை இல்லை!" என்று தோட்டக்காரி பெள்ளியிடம் கத்தினார்.

"வைக்கோல் போட்டு மூடிடலாங்கய்யா."

"சாக்கடைக் குழாய்க்கா? வைக்கோல் என் ரோஜாவுக்கு மட்டும்தான்!"

பெள்ளி தலையாட்டினாள். குழாய் கண்ணில் படாதபடி அதன் இருபுறமும் ரோஜாத் தொட்டிகளை நெருக்கி அடுக்கினாள். தினமும் அந்தி சாய்ந்ததும் ஞானதுரையே வைக்கோல் சுமந்து வந்து, தொட்டி வரிசை முழுவதையும் தாலாட்டுவதுபோல மூடினார். பனி கொட்டியது, குழாய் உறையவேயில்லை.

"ரோஜாக்களை என் கையாலேயே போர்த்தித் தூங்க வைக்கிறேன்!" என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்தார்.

"ஆமாங்க," என்றாள் பெள்ளி. "ஐயா புண்ணியத்துல நடுவுல இருக்கற கக்கூஸ் குழாயும் குளிர் தெரியாமத் தூங்குதுங்க."